கையில் இருக்கும் படம், கணக்கில் இருக்கும் படம்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெவ்வேறு நாடுகளில் இருந்து, வெவ்வேறு நேரங்களில் இணைந்திருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் தூக்கம் விழித்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இலக்கியக் கூட்டத்தில் டிவிடியைப் பற்றியும் கேம் வட்டுகளைப் பற்றியும் என்ன பேச இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். படத்தை வட்டாக வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா என்ற கேள்வி புத்தகத்துக்கும் அப்படியே பொருந்தும். அலமாரியில் இருக்கும் நாவலையும் கிண்டிலில் இருக்கும் நாவலையும் நாம் இரண்டாலும் ‘வாங்கினேன்’ என்றுதான் சொல்கிறோம். அந்த ஒரு சொல் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கிறது. இன்றைக்கு அதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் இன்டர்லாக்கனில் வசிக்கிறேன். தாதியாக வேலை, இடையில் எழுத்து. தூண் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர் இது. படம் பார்த்துவிட்டு அந்த இடத்தைத் தேடி வருகிறவர்கள் இங்கே அதிகம். இந்தி இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு 2016இல் இங்கே ஒரு சிலை வைத்தார்கள். அவர் படங்களையும், 1995இல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ போன்ற படங்களையும் பார்த்து இந்த மலைகளைத் தேடி வந்த தலைமுறையில் பலர், அவற்றை வீட்டில் வீடியோ கசெற்றிலும் டிவிடியிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள். பிரியன்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் என்ற கிராமம் இருக்கிறது. ‘கிராஷ் லாண்டிங் ஆன் யூ’ என்ற கொரியத் தொடரை நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவர்கள் அங்குள்ள மரப் படகுத்துறையில் நின்று படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சமாளிக்க முடியாமல் 2023இல் அந்தத் துறையில் ஏற 5 பிராங்க் கட்டணம் வைத்தார்கள். முன்னையவர்களின் வீட்டில் படம் ஒரு பொருளாக இருந்தது. பின்னையவர்களிடம் இருப்பது ஒரு சந்தா.

இன்றைக்கு ஒரு படத்தையோ கேமையோ நாம் மூன்று வழிகளில் அடைகிறோம். முதலாவது சந்தா. மாதம் பணம் கட்டுகிறோம்; நிறுவனம் அந்த மாதம் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். இரண்டாவது, இணையக் கடையில் ஒரு படத்துக்கு மட்டும் விலை கொடுத்து ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துவது. மூன்றாவது, வட்டாகவோ கசெற்றாகவோ கையில் வாங்குவது.

சந்தாவில் குழப்பம் இல்லை. அது வாடகை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாடகை வீட்டில் இருந்து எவ்வளவு விரைவாக ஒரு படம் வெளியேற முடியும் என்பதைத் தமிழர்கள் அண்மையில் பார்த்தோம். நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ 2023 டிசம்பர் 1ஆம் திகதி திரையரங்குகளுக்கு வந்தது. அந்த மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் ஏறியது. முறைப்பாடுகள் எழுந்ததும் 2024 ஜனவரியில் இறக்கப்பட்டது. படம் நல்லதா, முறைப்பாடு சரியா என்பது இன்றைய பேச்சு அல்ல. முறைப்பாடு எழுந்தது இந்தியாவில். பாதி பார்த்துவிட்டு மிச்சத்தை நாளைக்கு என்று வைத்துவிட்டுப் படுத்தவர் சுவிஸில் இருந்தாலும் ரொறொன்ரோவில் இருந்தாலும் அவருடைய திரையில் இருந்தும் படம் போயிருக்கும். அது டிவிடியாக விற்ற படமாக இருந்தால், வீடு வீடாகப் போய் யாரும் அதைத் திரும்ப வாங்கியிருக்க முடியாது.

குழப்பம் இரண்டாவது வழியில்தான். ‘வாங்கு’ என்று எழுதியிருக்கிறது, விலையும் கிட்டத்தட்ட டிவிடியின் விலை. ஆனால் நாம் வாங்குவது ஒரு அனுமதி. நிறுவனம் அந்தப் படத்தின் உரிமையை வைத்திருக்கும்வரை, நிறுவனம் கடையை நடத்தும்வரை, நம்முடைய கணக்கு உயிரோடு இருக்கும்வரை பார்க்கலாம் என்ற அனுமதி.

2009 ஜூலையில் அமேசான் இரண்டு புத்தகங்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளுக்குள் இருந்தே அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அந்த இரண்டும் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ என்பது கதையாசிரியர்கள்கூட எழுதத் தயங்கும் பொருத்தம். அமெரிக்காவில் ஒரு மாணவர் பாடத்துக்காக அந்த நூலில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடர்ந்தார்.

2023 டிசம்பரில் சோனி, தன் பிளேஸ்டேஷன் கடையில் மக்கள் விலை கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அந்த ஆண்டு முடிவோடு அவர்களுடைய கணக்கில் இருந்து போய்விடும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, உரிமையாளர்களோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நிகழ்ச்சிகள் தப்பின. ஆனால் அவை தப்பியது இரண்டு நிறுவனங்கள் பேசி உடன்பட்டதால். வாங்கியவரின் உரிமை என்று ஒன்று அங்கே குறுக்கே நிற்கவில்லை.

இதனால்தான் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. 2025 ஜனவரி 1இல் இருந்து, பறித்துக்கொள்ளக்கூடிய அனுமதியை விற்கும் இணையக் கடைகள் அது அனுமதி மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காப்பாற்றச் சட்டம் போட வேண்டி வந்திருக்கிறது. எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

மூன்றாவது வழிக்கு வருவோம். வட்டை வாங்கினாலும் படத்தின் காப்புரிமை நமக்கு வருவதில்லை. ஆனால் அந்த ஒரு பிரதி நம்முடையது. விற்கலாம், இரவல் கொடுக்கலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். ஒருமுறை முறையாக விற்ற பிரதியின் மேல் விற்றவருக்கு அதற்குப் பிறகு கட்டுப்பாடு இல்லை என்பதுதான் பல நாடுகளில் சட்டம். சுவிஸ் காப்புரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. இங்கே 19ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், தனக்காகவும் குடும்பம், நெருங்கிய நண்பர்கள் என்ற வட்டத்துக்காகவும் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதற்கு ஈடாகத்தான் வெற்று வட்டுகளின் விலையிலும் சேமிப்புக் கருவிகளின் விலையிலும் படைப்பாளிகளுக்கான ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் இப்படி இல்லை.

வட்டு என்றால் எல்லாமே வட்டு என்றும் எண்ண வேண்டாம். கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைத் தெரிந்திருப்பது நல்லது. 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி குரூ’ என்ற கார்ப் பந்தய கேமை வட்டாக வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அது நிறுவனத்தின் சர்வரோடு இணையாமல் ஓடாது. 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு அந்த வட்டு தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கத்தான் உதவும். 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இல் சில கேம்களின் அட்டைக்குள் கேமே இல்லை. இணையத்தில் இருந்து இறக்கிக்கொள்ளும் சாவி மட்டும் இருக்கிறது. பெட்டியின் மேல் அதை எழுதியிருக்கிறார்கள். வாசித்துவிட்டு வாங்குங்கள். மறுபக்கம், ஜிஓஜி என்ற இணையக் கடை பூட்டில்லாத கேம் கோப்புகளை விற்கிறது. அதை இறக்கி வன்தட்டில் வைத்துக்கொண்டால், அந்தக் கடை நாளைக்கு மூடினாலும் உங்கள் கேம் உங்களிடம் இருக்கும். ஆகவே, இணையத்தில் வாங்கியதெல்லாம் நிலையில்லாதது, கையில் வாங்கியதெல்லாம் நிலையானது என்று கோடு போட முடியாது.

கைப்பொருளின் பக்கம் பேசும்போது எங்களுடைய சொந்த வரலாற்றை மறந்துவிட்டுப் பேசவும் முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. எல்லாமே கையில் தொடக்கூடிய பொருள்கள்தான். 1983 ஜூலையில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். அங்கே இருந்த படங்களின் நெகட்டிவ்களும் எரிந்தன. அவற்றில் சிங்களப் படங்களும் இருந்தன. 2003 ஜனவரியில் புனேயில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் இருந்த கிடங்கு தீப்பிடித்தது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அதன் ஒரு பிரதிகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு எதிராக ஒரு கதையும் உண்டு. 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப்படம் திருவனந்தபுரத்தில் திரைக்கு வந்தது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் அது. நூலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குப் போட்டு, படத்தை நிறுத்தியது; பிரதி அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. தயாரிப்பாளர் நொடித்துப் போனார். ஆனால் புத்தகக் கடையில் கிடந்த அந்தப் பிரதியை 1974இல் தேசியத் திரைப்படக் காப்பகம் பெற்றது. தென்னிந்திய மௌனப்படங்களில் மிக அரிதாகத் தப்பியது அது. சட்டம் படத்தைப் பூட்டியது. பூட்டிக் கிடந்தது ஒரு பொருள் என்பதால் நாற்பது ஆண்டுக்குப் பிறகு எடுக்க முடிந்தது. சர்வரில் இருந்து அழித்த கோப்பு அப்படி ஒரு மூலையில் கிடந்து காத்திருக்காது.

எரிந்த நூலகத்துக்குப் பிறகு நம்மவர்கள் செய்தது என்ன? எண்ணிமத்துக்குத்தான் போனார்கள். சுவிஸின் லொசான் நகரில் வசிக்கும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து அனுப்பினார்கள். 2005இல் நூலகம் திட்டம் வந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தது. இவை இரண்டும் நிலைப்பதற்குக் காரணம், யாரும் கோப்பை இறக்கிக்கொள்ளலாம் என்பது. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பிரதி இருந்தால் ஒரு தீக்குச்சி போதாது. ஏட்டுச்சுவடிக் காலத்திலும் இதே கணக்குத்தான். ஓலை செல்லரிக்கும், அதற்கு முன் யாரோ ஒருவர் இன்னொரு ஓலையில் எழுதி வைத்ததால்தான் நமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன.

இங்கே என் தொழிலில் இருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். வேலை நேரம் மாறும்போது நாங்கள் ‘ராப்போர்ட்’ என்று ஒன்று செய்வோம். போகிறவர் வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது. இன்னாருக்கு இன்ன மருந்து, இன்னார் இரவில் பயப்படுவார் என்று சொல்லி ஒப்படைத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். ஒரு பொருள் என்னுடையதா என்று பார்க்க நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்: இதை நான் இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியுமா?

வட்டை ஒப்படைக்கலாம். பூட்டில்லாத கோப்பை ஒப்படைக்கலாம். கணக்கை ஒப்படைக்க முடியாது. ஸ்டீம் என்ற பெரிய கேம் கடை, ஒருவருடைய கணக்கை உயில் மூலமாக இன்னொருவருக்கு மாற்ற முடியாது என்று 2024இல் ஒரு பயனருக்குச் சொன்ன பதில் செய்தியானது. ஆப்பிள் நிறுவனத்தில் நாம் இறந்தால் கணக்கைத் திறக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். அவருக்கு நம்முடைய புகைப்படங்களும் குறிப்புகளும் கிடைக்கும். நாம் விலை கொடுத்து வாங்கிய படங்களும் பாட்டுகளும் நூல்களும் அவருக்குக் கிடைக்காது. அதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது தத்துவம் அல்ல. ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு இல்லத்தின் ஒற்றை அறைக்கு வரும்போது ஒரு பெட்டி கொண்டுவருவார். அதில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். எண்பதுகளில் சுவிஸுக்கு வந்த நம்முடைய முதல் தலைமுறை இப்போது அந்த அறைகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. மறதி நோய் வந்தவருக்குப் பிந்திப் படித்த ஜெர்மன் முதலில் போகும். பழைய பாட்டு கடைசிவரை இருக்கும். தமிழ் தெரியாத என் சக தாதிக்கு, டிவிடி அட்டையில் உள்ள சிவாஜியின் முகம் போதும். எடுத்துப் போடுவார், அம்மா அமைதியாவார். அதே படம் ஒரு செயலிக்குள் இருந்தால், அது கடவுச்சொல் கேட்கும், புதிய பதிப்பு இறக்கச் சொல்லும், பார்ப்பது யார் என்று கேட்கும். தன் பெயரே தடுமாறுகிறவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

பொருளில் இன்னொன்றும் சேரும். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் பைபிளின் முன்பக்கத்தில் பிறந்த திகதி, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் எழுதி வைப்பார்கள். மூன்று தலைமுறையின் கையெழுத்து ஒரே பக்கத்தில் இருக்கும். என் கைத்தொலைபேசியிலும் பைபிள் இருக்கிறது. இரவு வேலையில் அதைத்தான் வாசிக்கிறேன், எழுத்தைப் பெரிதாக்கலாம், வெளிச்சம் வேண்டாம். இரண்டுக்கும் வேலை வேறு. வாசிக்க ஒன்று, விட்டுப் போக ஒன்று.

ஆகவே தேர்வை இப்படிச் செய்யலாம். ஒருமுறை பார்த்தால் போதும் என்ற படத்துக்குச் சந்தா போதும். வீட்டில் இடம் மிச்சம், செலவும் குறைவு. அதில் ஒரு குறையும் இல்லை. பத்து வருடம் கழித்தும் பார்ப்பேன், பிள்ளைகளுக்குக் காட்டுவேன் என்ற படத்துக்கு வட்டைத் தேடுங்கள். ஒரு காலத்தில் லண்டனின் ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட டிவிடிகள் ஐரோப்பாவின் தமிழ்க் கடைகளில் மரக்கறிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. 2015இல்கூட இயக்குநர் சேரன் தன் படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேராக வீடுகளுக்குக் கொண்டுபோக முயன்றார். 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்குக்குப் போகாமல் நேராக அமேசானுக்கு வந்தது. அந்த வழியில் வரும் படத்துக்கு வட்டும் வராவிட்டால், பார்ப்பவர் கையில் ஒரு பிரதியும் இருக்காது. ஆகவே பழைய டிவிடியைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

வாங்கும்போது வட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆலையில் அழுத்தியது வெள்ளியாக இருக்கும். எரித்துப் பதிந்த டிவிடி பெரும்பாலும் ஊதா சாயலாக இருக்கும். எரித்ததில் இருப்பது சாயம், அது வெயிலிலும் சூட்டிலும் விரைவாகக் கெடும். வட்டாரக் குறியீட்டையும் பாருங்கள்: ஐரோப்பாவுக்கு 2, இந்தியாவுக்கு 5. நிறுத்தி வையுங்கள், ஈரமும் வெயிலும் இல்லாத இடத்தில். ஓடுகிற கருவி ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாத வட்டு வெறும் தட்டு.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அவசரமானது. கடையில் வாங்கிய படம் எங்கேயாவது இன்னொரு பிரதி இருக்கும். உங்கள் கல்யாண வீடியோ, அப்பாவின் செத்தவீட்டு வீடியோ, ஊர்க் கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளி நாடகம் இவை உள்ள கசெற் உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும் என்று யுனெஸ்கோ சார்பில் 2019இல் எச்சரித்தார்கள். நாடாவும் தேய்கிறது, அதை ஓட்டும் கருவியும் அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள்.

இந்த வருடமே மாற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த கசெற்றை வீட்டு டெக்கில் போட வேண்டாம். அது நாடாவையும் டெக்கையும் கெடுக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள். கோப்பாக மாற்றியதும் இரண்டு வன்தட்டில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். இணையச் சேமிப்பில் மூன்றாவது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். மாற்றிய பிறகும் கசெற்றை எறிய வேண்டாம்.

பிறகு அந்த வன்தட்டில் ஒன்றை உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து, இதில் இன்னின்னது இருக்கிறது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அதுதான் ராப்போர்ட். அது முடிந்தால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.